விருப்பம் உள்ள மூத்தவர்

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சினன் கந்தசாமி எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தான். மண்ணரையில் பனியன் தையல் யூனிட் வைத்திருப்பவன். சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், உங்க பொழப்பு மாதிரி வருமுங்களா? வேலை செஞ்சாலும் சம்பளம், செய்யாட்டியும் சம்பளம். என்ர கம்பெனில ஒருத்தன் தையல் கோணலாப் போட்டான்னா சாயந்திரமே ஊட்டுக்குப் போயிருவான். வாத்தியாருக்கும் பீஸ் ரேட் போட்டுப் பாருங்க, அத்தனை பசங்களும் பாசாயிரும். இதுல சங்கம் வேற!"

பக்கத்து இலைகளில் என்னோடு வேலை பார்த்த இளம் ஆசிரியர்கள் மூன்று பேர் இருந்தார்கள். இப்போதெல்லாம் தற்காலிகம், தொகுப்பூதியம் என்றுதான் ஆள் எடுக்கிறார்கள். மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் நிரந்தர வேலை. அவள் குனிந்து அப்பளத்தை நொறுக்கினாள். மற்ற இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். பழைய சங்கச் செயலாளர் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். என் வாயில் முழு மைசூர்பாகு இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு மாப்பிள்ளையின் சம்பளத்துக்குப் போய்விட்டது.

இப்போது வாய் காலி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சு வலி என்று நினைத்து எழுதிக் கொடுத்த ஓய்வு அது. ஓய்வு உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் வலி வெறும் வாயு என்று டாக்டர் சொன்னார். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே இப்படிப் பயத்தில் எடுத்தவைதான். சங்கத்தில் சேர்ந்தது உட்பட.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டையில் யானை வெட்டி ஒட்டினோம். முதல் வேலை பொங்கலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. அது முடியும் வரை நம் வேலை நம்முடையது இல்லை, யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று எனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் ஊரில் எல்லோருக்கும் வணக்கம் வைத்தேன். கோழிப்பண்ணைக்காரர், சொசைட்டி செயலாளர், அவர் வீட்டு டிரைவர், யாரையும் விடவில்லை. ஜீப் மாதிரி சத்தம் கேட்டாலே அதிகாரி என்று நினைத்துக் கரும்பலகை பக்கம் திரும்பி எதையாவது எழுத ஆரம்பிப்பேன். பால் வண்டி வரும்போதெல்லாம் என் பசங்கள் ஒரு திருக்குறள் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் கோழிப்பண்ணைக்காரர் பள்ளி வாசலில் புல்லட்டை நிறுத்தி, "ஏனுங்க வாத்தியாரே..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பிறகு பார்த்தால், தன் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பசங்களுக்கு மிட்டாய் கொடுக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறார். எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அந்த நாள் தொட்டு அவர் என்னை வேறு மாதிரிப் பார்த்தார். இவன் எதுக்கும் சரீம்பான் என்ற பார்வை அது. அடுத்த மாசமே மதிய நேரத்தில் பெரிய பசங்களைத் தீவன மூட்டை இறக்க அனுப்பச் சொன்னார். நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லவேளை, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை.

வேலை நிரந்தரம் என்று சொல்லும் பணி வரன்முறை ஆணை வந்த அன்றைக்குத்தான் குப்புறப் படுத்துத் தூங்கினேன். மறுவாரமே சங்கத்துக்குச் சந்தா கட்டினேன். கொள்கை, கோட்பாடு எதுவும் தெரியாது. பயந்தவன் கூட்டத்தோடு நிற்பான், அவ்வளவுதான். ஆனால் பயந்தவனிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு, விதிகளை ஒரு வரி விடாமல் படிப்பான். தைரியசாலிகள் மேடையில் பேசினார்கள், நான் விதிகளைப் படித்தேன். அப்படியே ஒரு கட்டத்தில் வட்டாரச் செயலாளர் ஆகிவிட்டேன்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது 'மெமோ'. ஓர் ஆசிரியர் தப்பு செய்தார் என்று அதிகாரிக்குத் தோன்றினால் மட்டும் போதாது. என்ன தப்பு, எந்த நாளில், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். அதை அவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். புகார் சொன்னவர் விசாரணைக்கு நேரில் வந்து அதே புகாரைச் சொல்ல வேண்டும். இதில் எங்கேயாவது ஓர் இடத்தில் அதிகாரி சோம்பல் படுவார். எங்கே படுவார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் முதல் படியிலேயே படுவார்.

ஞானசேகரன் என்னிடம் வந்தது அப்படித்தான். இடைநிலை ஆசிரியர். சொந்த ஊர் உடுமலைப் பக்கம், வேலை அவிநாசி வட்டாரத்தில் ஒரு பள்ளியில். இனிமையான ஆள். பார்த்த உடனே உங்கள் பையை வாங்கிக்கொள்வார், டீ சொல்வார், வண்டியில் கொண்டுபோய் விடுவார். பள்ளிக்கு மட்டும் நேரத்துக்குப் போக மாட்டார். பனியன் கம்பெனிகள் கழிக்கிற செகண்ட்ஸ் சரக்கை வாங்கி விற்கும் தரகு அவருடைய இன்னொரு வேலை. அல்லது அதுதான் முதல் வேலை. பத்தரைக்கு வகுப்புக்குள் வந்து, "எல்லாரும் மௌன வாசிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனோடு வராந்தாவுக்குப் போய்விடுவார். அவர் வகுப்புப் பசங்கள் ஜில்லாவிலேயே மௌனமாக வாசிப்பதில் கெட்டிக்காரர்கள்.

அவருக்கு மெமோ வந்தது. அதைக் கொண்டுபோன ஆள் ஞானசேகரன் வீட்டில் இல்லை என்று மாமனாரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தேதிகள் ஒன்றும் இல்லை. 'அடிக்கடி தாமதமாக வருகிறார்' என்று ஒரே வரி. அடிக்கடி என்றால் எத்தனை என்று கேட்டேன். யார் பார்த்தது என்று கேட்டேன். மாமனாருக்குக் கொடுத்த மெமோவுக்கு மருமகன் பதில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். குறிப்பாணை ரத்தானது. ஞானசேகரன் எனக்குப் பழனி பஞ்சாமிர்தம் வாங்கிவந்து கொடுத்தார்.

அந்த வெற்றிக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. ஏன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும். ஆனால் கடவுளுக்கு என்னைப் போலவே நகைச்சுவை உணர்ச்சி உண்டு. அடுத்த மாறுதல் கலந்தாய்வில் ஞானசேகரன் என் பள்ளிக்கே, என் பக்கத்து வகுப்புக்கே வந்து சேர்ந்தார். காப்பாற்றியவனுக்குக் காப்பாற்றியதை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

எங்கள் பள்ளி நடுநிலைப்பள்ளி. பின்பக்கச் சுவரை ஒட்டியே தையல் பட்டறைகள். நாள் முழுக்க மெஷின் ஓட்டம் கேட்கும், மின்சாரம் போனால்தான் எங்களுக்கு அமைதி. தலைமையாசிரியை சரோஜினி. அவரைப் போல மெதுவாகப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். திட்டு வாங்க நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். எந்தத் தாளிலும் உட்கார்ந்து கையெழுத்துப் போட மாட்டார், எழுந்து நின்று முழுசாகப் படித்துவிட்டுத்தான் போடுவார். "உக்காந்து படிச்சா தூக்கம் வருதுங்க சார்" என்பார். ஞானசேகரன் பத்தரைக்கு வரும்போது வாசலில் நின்றிருப்பார். "வாங்க சார்" என்று மட்டும் சொல்வார். அந்த 'வாங்க'வில் எனக்கே வேர்க்கும். ஞானசேகரனுக்கு வேர்க்காது. "காலை வணக்கமுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

இடைநிலை ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர். பணிமூப்பில் நான் மூத்தவன். அடுத்து ஞானசேகரன். கடைசி ஜெயமேரி. ஞானசேகரனும் அவரும் ஒரே வருஷம் வேலைக்கு வந்தவர்கள். ஞானசேகரன் ஜூனில், ஜெயமேரி ஆகஸ்டில்.

ஜெயமேரி சேவூர்க்காரர். அவர் வகுப்பில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். பட்டறை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். வந்த புதிதில் அவர்களுக்குத் தெரிந்த தமிழ் 'சீக்கிரம்', 'டீ', 'லீவு' மூன்றுதான். ஜெயமேரி சாயந்திரங்களில் பட்டறை ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய், செக்கிங் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் இந்தி கற்றுக்கொண்டார். வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிலேட்டு, துடைக்க ஒரு பனியன் வேஸ்ட் துண்டு. துண்டின் நிறத்தைத் தமிழில் சொன்னால்தான் கையில் கிடைக்கும். "ஊதாத் துண்டு வேணுமுங்க டீச்சர்" என்று ஒடிசாவில் பூரியில் பிறந்த பிள்ளை கொங்குத் தமிழில் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆர்டர் நெருக்கும் நாட்களில் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளைக் காணாது. பட்டறையில் அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஜெயமேரி நேரே பட்டறைக்குள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். ஒருநாள் பட்டறை முதலாளி இரண்டு பேரோடு பள்ளிக்கு வந்துவிட்டார். நானும் அறையில் இருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே போக வசதியான இடம்.

"டீச்சரம்மா, நாங்க என்ன கல்லா உடைக்க வெச்சோம்? அவிங்கம்மா மடியிலேயே உக்காந்து பிசிறுதானுங்க வெட்டுது. நாலு பீஸ் சேர்ந்து போனா அந்தக் குடும்பத்துக்கும் நல்லதுதானுங்களே."

ஜெயமேரி சொன்னார்: "அந்தக் கத்தரிக்கோலை இங்க குடுத்து விடுங்க சார். எங்களுக்கும் கைவேலைப் பீரியடு இருக்குது."

"நக்கலுங்களா? நாங்க மேல பேசிக்கறோம்."

சரோஜினி டீச்சர் மெதுவாக எழுந்தார். "தாராளமாப் பேசுங்க சாமி. ஆனா வாய்ல பேசினா எடுக்க மாட்டாங்க. எழுதோணும், கையெழுத்துப் போடோணும், விசாரணைக்கு நேர்ல வந்து, புள்ளைங்களை வேலைக்கு உடலீன்னு சொல்லோணும். வருவீங்களா?"

புகார் வரத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி: 'தமிழ்ப் பள்ளியில் ஓர் ஆசிரியை இந்தி நடத்துகிறார்.' கேட்ட உடனே எவனுக்கும் ரத்தம் கொதிக்கிற புகார். ஜெயமேரியை உடனே தூக்க வேண்டும் என்று இரண்டு கட்சிக்காரர்களிடமிருந்தும் அதிகாரிகளுக்குப் போன் வந்தது. விசாரணையன்று அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேஜை ஆடியது. அவர்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டது அதே பழைய கேள்விகள். எந்த நாள்? யார் பார்த்தது? புகார்தாரர் எங்கே? புகார்தாரர் வரவில்லை. வந்தால் பட்டறையைப் பற்றியும் பேச வேண்டிவரும் அல்லவா. புகார் முடித்து வைக்கப்பட்டது.

ஞானசேகரன் நுழைந்து போன அதே வாசல் வழியாகத்தான் ஜெயமேரியும் வந்தார். வாசலுக்கு ஆள் தெரியாது. ஜெயமேரி தற்காலிக ஆசிரியராக இருந்திருந்தால் அந்த முதலாளி விசாரணைக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு போன் போதும். கந்தசாமி சொன்ன மாதிரி, சாயந்திரமே ஊட்டுக்குப் போயிருக்கலாம்.

அதற்கடுத்த வருஷம் ஏற்றுமதி ஆர்டர் குறைந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒருத்தன் ஒரு பனியன் குறைவாக வாங்குகிறான். இங்கே நாலு மெஷின் நிற்கிறது. லைன் வீட்டில் இரண்டு குடும்பம் பெட்டி கட்டி ரயில் ஏறுகிறது. எங்கள் வருகைப் பதிவில் ஐந்து பெயர் குறைகிறது. ஆகஸ்டில் தலை எண்ணினார்கள். ஓர் இடைநிலை ஆசிரியர் உபரி என்று வந்தது. உபரி என்றால் இளையவர் போக வேண்டும். இளையவர் ஜெயமேரி. காலியிடம் இருந்தது உடுமலைக்கு அந்தப் பக்கம், மலை ஓரத்தில் ஒரு பள்ளி.

செய்தி லைன் வீடுகளுக்குப் போய், அங்கிருந்து பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அயர்ன் போடும் ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"ஏ சார், பட்டறைக்குள்ள வந்து புள்ளையளக் கூட்டிட்டுப் போற டீச்சர அனுப்புதிய. போனும் கையுமா அலையுத சார வச்சிக்கிடுதிய. இந்த டீச்சர் போயிட்டா மறுநாளே எம்மவ கத்திரியப் புடிச்சிருவா. நானே குடுத்திருவேன், பொய் சொல்லல. நீங்கதான சங்கம்? சொல்லுங்க."

எனக்குப் பின்னால் ஒடிசா அம்மாக்களுக்கு ஒரு பெண் இதை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

அன்று சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் ஜெயமேரியிடம் சொன்னேன்: "பொது நலன்னு ஒரு வார்த்தை இருக்குதும்மா. பெத்தவங்க கையெழுத்து வாங்கி, வரிசையை மீறி ஞானசேகரனை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். கல்வி அலுவலர் நல்ல மனுசன், கேப்பாரு."

அவர் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமல் நின்றார்.

"வேண்டாமுங்க சார்."

"ஏம்மா?"

"இன்னிக்கு எனக்காக வரிசையை ஒடைச்சீங்கன்னா, அடுத்த வருசம் அந்தப் பட்டறைக்காரர் வேற ஒருத்தருக்காக ஒடைக்கச் சொல்லுவாரு. அவருக்கும் கையெழுத்து வாங்கத் தெரியுமுங்க. அவரு கேட்டா நூறு பேர் போடுவாங்க. அன்னிக்கு நீங்க எந்த விதியைப் புடிச்சுட்டு எம்பக்கத்துல உக்காருவீங்க?"

"அப்ப நீங்க போயிருவீங்களா?"

"போகப் புடிக்கலைங்க. யாராச்சும் என்னை அனுப்பாம இருந்தா நல்லா இருக்கும்னு தெனமும் ஜெபம்தான் பண்றனுங்க. அதுக்காக வரிசையை ஒடைக்கச் சொல்ல முடியுமுங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது, அன்றைக்குப் பருப்புக் குழம்பு. சாப்பிடும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பும் பணி நிரவலில் எங்கள் சங்கம் போராடி வாங்கிய ஒரு நடைமுறை உண்டு. இளையவரை உபரி என்று அறிவிப்பதற்கு முன், மூத்தவர்களில் யாராவது விரும்பிப் போகிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்டுப் பேசி வாங்கியது சாட்சாத் நான்தான். அதிகாரிகள் பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள், நாங்களும் வற்புறுத்துவதில்லை. இப்போது வற்புறுத்தினால்? ஞானசேகரனின் சொந்த ஊர் உடுமலை. வட்டார ஆசிரியர்கள் எல்லோரும் கூடியிருக்கும் சபையில், அத்தனை பேர் பார்க்க, 'உங்களுக்கு விருப்பமா?' என்று அலுவலர் கேட்டால் எந்த மனுஷனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. வரிசையும் உடையாது, ஜெயமேரியும் இருப்பார். என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மனைவி, "என்னங்க, விக்கலா?" என்று கேட்டாள்.

கலந்தாய்வு நாள். மண்டபத்தில் மின்விசிறி மேடைக்கு மட்டும் ஓடியது. எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் கடுமையான உத்தரவையும் கல்யாணத்துக்கு அழைப்பது போலச் சொல்வார். எங்கள் பள்ளியின் பெயரை வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம். முதல் வரிசையில் சரோஜினி டீச்சர்.

"ஒரு பணியிடம் உபரிங்க. பணிமூப்புப்படி இளையவர் ஜெயமேரி டீச்சருங்க. அவங்களை..."

"அய்யா!" என்று கையைத் தூக்கினேன். "நடைமுறைங்க. அறிவிக்கறதுக்கு முன்னால மூத்தவங்ககிட்ட விருப்பம் கேக்கோணும். சபையிலேயே கேக்கோணும்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் சங்கத்துத் தோழர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் ஓரக்கண்ணால் ஞானசேகரனைப் பார்த்தேன். சிரிப்பு மறைந்திருந்தது. வெற்றி.

"ரொம்பச் சரிங்க" என்றார் அலுவலர். "நீங்க வாங்கிக் குடுத்த நடைமுறைதானுங்களே, நாந்தான் மறந்துட்டன். கேட்டுருவோம்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "மூப்பு வரிசைலதானுங்க கேக்கோணும். அப்ப மொதல்ல... செல்லமுத்து சார். ஏனுங்க, உங்களுக்கு விருப்பமுங்களா?"

செல்லமுத்து என்பது நான்தான்.

வேறு செல்லமுத்து யாராவது இருக்கிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருபது வருஷமாக மூத்தவர், மூத்தவர் என்று பேசியவனுக்கு, வரிசையில் முதல் மூத்தவர் தான்தான் என்பது அந்த நொடி வரை தோன்றவே இல்லை. விதியை வரி வரியாகப் படித்தவன் தன் பெயர் இருந்த வரியை மட்டும் தாண்டிவிட்டான்.

என் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அசந்துவிட்டு வருவேன். சர்க்கரை மாத்திரை. பஸ்ஸில் ஏறினால் குமட்டும். மலை ஓரம் என்றால் யானை வருமா? யானை வரும். இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், இது கட்டாயம் இல்லையே.

ஞானசேகரனைப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது. நான் இல்லை என்றால் அவருக்கும் இல்லை என்று சொல்ல அனுமதி கிடைத்துவிடும். சங்கச் செயலாளரே இல்லை என்ற பிறகு அவருக்கு என்ன கூச்சம்? அதன் பிறகு கேள்வி நேரே ஜெயமேரியிடம் போகும். ஜெயமேரி என்னைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஜெபமாக இருக்க வேண்டும்.

என் தொண்டையிலிருந்து, "ம்" என்று ஒன்று வந்தது.

"'ம்'முன்னா விருப்பமுங்களா?"

"விருப்பமுங்க" என்றது யாரோ ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளையின் குரல். எனக்குள்ளிருந்துதான் வந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜெயமேரி வந்தார், நன்றி சொல்வார் என்று பார்த்தேன்.

"ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே சார்!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கோபமாகத்தான் சொன்னார்.

"எனக்கே தெரியாதும்மா" என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

சரோஜினி டீச்சர் எல்லோரும் போகும் வரை நின்றார். பிறகு எதிரே இருந்த டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். டீ வந்ததும், வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சார், போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. மெமோ எப்படிக் குடுத்தா உங்களால ஒடைக்க முடியாது?"

என் சங்க வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி. எந்த அதிகாரியும் கேட்டதில்லை. எல்லோரும் 'இந்தச் சங்கத்துக்காரங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். சும்மா இருப்பதற்கு நாங்கள் ஒரு நல்ல காரணம்.

சொன்னேன். தாமதமான ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கே எழுதி, அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 'அடிக்கடி' என்ற வார்த்தையை எழுதாதீர்கள். முதலில் வாயால் எச்சரியுங்கள், அதையும் பதிவு செய்யுங்கள். திருந்த நேரம் கொடுங்கள், உண்மையாகவே கொடுங்கள். மெமோவை அவர் கையிலேயே கொடுங்கள், மாமனார் கையில் வேண்டாம். அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். இத்தனையும் செய்த பிறகும் அவர் பத்தரைக்கே வந்தால் நான் என்ன, எந்தச் சங்கமும் அசைக்க முடியாது.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். "இவ்வளவுதானுங்களா?" என்றார்.

"இவ்வளவுதானுங்க. தினமும் செய்யோணும், அதுதான் கஷ்டம்."

கந்தசாமிக்கு நான் சொல்ல நினைத்ததும் இதுதான். ஒரு பனியனில் தையல் கோணலா என்று மேஜையில் விரித்துப் பார்த்தால் தெரியும். ஒரு வாத்தியார் கோணலா என்று பார்க்க யாராவது ஒருவர் வருஷம் முழுக்க வாசலில் நிற்க வேண்டும். நிற்கச் சோம்பல்படுகிறவர்கள்தான், ஆளையே சாயந்திரம் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். அப்படி அனுப்ப ஒரு கதவைத் திறந்து வைத்தால், அதன் வழியாக முதலில் வெளியே போவது ஞானசேகரன் இல்லை. அவருக்கு எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பட்டறைக்குள் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தவர்தான் போவார். இதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. நான் பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

நான் மலை ஓரப் பள்ளிக்குப் போனேன். யானை வந்தது, சொன்னேனே. அது தனிக்கதை, அதில் நான் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது ஒரு போன் மட்டும். அடுத்த கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது வந்தது.

"சார், ஞானசேகரனுங்க. நல்லா இருக்கீங்களா? மாத்திரை சாப்பிடறீங்களா?" அவர் அப்படித்தான், அன்பான ஆள். "சார், எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. ஜெயமேரி டீச்சர் எட்டரைக்கே வந்து பட்டறை வாசல்ல இருந்து பசங்களை அள்ளிட்டு வந்துடறாங்க. பெத்தவங்க அவங்களையும் பாக்கறாங்க, என்னையும் பாக்கறாங்க. நீங்கதான் சார் மறுபடி காப்பாத்தோணும்."

"மெமோல தேதி போட்டிருக்குதா?"

"ஒவ்வொரு நாளும் போட்டிருக்குதுங்க."

"அன்னன்னிக்குக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க. கையெழுத்தும் போட்டனுங்க. டீச்சர் நின்னுட்டே இருந்தாங்க சார், போடாம எப்படிங்க வர்றது?"

"மெமோவை யார் கைல குடுத்தாங்க?"

"என்ர கைலதானுங்க."

பஸ் தூரத்தில் வளைவில் திரும்பியது. எனக்குத் தெரிந்த எல்லா ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அந்த டீக்கடையில் நானே அடைத்திருந்தேன்.

"விசாரணைக்கு நான் வரேன். உங்க பக்கத்துல உக்காருவேன். அது என்ர கடமை" என்றேன். "ஆனா உங்களைக் காப்பாத்த இனி ஒரே ஒரு வழிதான் இருக்குது சார்."

"சொல்லுங்க சார், என்ன வேணும்னாலும் பண்றேன்."

"நாளைக்கு ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போங்க."

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான் அவர் குரல் வந்தது.

"வேற வழியே இல்லீங்களா சார்?"